பூராடத்துக்கு அன்றைக்குச் சந்திராஷ்டமம்

"நான் அவனைத் தேடிக்கிட்டு இருந்தேன். நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்தே."

இதுதான் அவள் சொன்னது. ஒரு எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? நீயே சொல்லு. காரியம் முடிந்து பந்தல்காரன் வாசலில் கம்பு பிரித்துக்கொண்டிருக்கிறான், சம்பந்தியம்மா அதோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவு பேர் நடுவில் சொல்கிறாள். நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? "ஒரு வாய் சாப்பிடு சாம்பவி"ன்னு கேட்டேன். அதற்குப் பதில் இது. மறுநாள் காஷ்மீருக்குத் திரும்பிப் போனவள்தான். இரண்டு வருஷம் ஆகப் போகிறது. என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. இவர் நம்பரிலிருந்து அடித்தால் எடுக்கிறாள், நான் ஹலோ சொன்னதும் வைத்துவிடுகிறாள்.

நீ உட்காரும்மா. ஃபேனுக்கு நேராக உட்கார். பை எங்கே ஓடிவிடப் போகிறது? தருகிறேன். திருப்பூரிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறாய், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காபி குடித்துவிட்டுப் போகலாம். சர்க்கரை போடலாமா? இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் சர்க்கரை வேண்டாம் என்கிறீர்கள், அப்புறம் கேக்கைத் தின்கிறீர்கள்.

"ஆன்ட்டி, என் பேரு சுபிக்ஷா. சாம்பவி மேடம் அவங்க ஆரஞ்சுப் பையை வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அடுத்த பேட்ச்சுக்கு ஒரு செட் குறையுதாம்." வாசலில் நின்று நீ இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேடமாம். பத்தாவது வரைக்கும் ரெட்டைச் சடைக்கு ரிப்பன் கட்டத் தெரியாது என் பெண்ணுக்கு. இப்போது பனி சரிந்து ஆள் புதைந்தால் எப்படித் தோண்டி எடுப்பது என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறாள். நீயும் போகிறாய். உன் அம்மா விட்டுவிட்டார்களா? சரி, அது உங்கள் வீட்டு விஷயம்.

நீயும் அந்த வீடியோவைப் பார்த்துத்தானே சேர்ந்தாய்? எனக்கு யாரோ குரூப்பில் அனுப்பினார்கள். பனியில் நின்றுகொண்டு பேசுகிறாள். கன்னமெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. ஒரு க்ரீம் பூச மாட்டாளா? "முதல்ல எல்லாரும் போனை அணைங்க. தேடுற மெஷின் பக்கத்துல போன் இருந்தா, இல்லாத ஆளை இருக்கிற மாதிரி காட்டும். எனக்கு வேண்டிய ஒருத்தரைத் தேடும்போது எனக்கு ஒரு கால் வந்துக்கிட்டே இருந்தது." ஒரு கால். கவனித்தாயா? அம்மா என்று சொல்லவில்லை. பெற்று வளர்த்தவள் நான், அந்த வீடியோவில் ஒரு கால் ஆகிவிட்டேன்.

இவர் எங்கே என்று பார்க்கிறாயா? மாடிக்குப் போய்விட்டார். நான் இந்தப் பேச்சை எடுத்தால் அவருக்குத் தண்ணீர் டேங்க் ஞாபகம் வந்துவிடும்.

நான் முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு நியாயம் புரியும்.

மாப்பிள்ளை பெயர் எழிலரசன். எழில் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். கல்யாணம் ஆன வருஷம் குல்மார்க் போனார்கள். எல்லாரும்தான் போகிறார்கள், குதிரையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இவர்கள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம், எல்லாரும் சறுக்குகிற இடம் போரடிக்கிறது என்று, ரோப் காரில் உச்சிக்குப் போய் ஆள் நடமாட்டமில்லாத பக்கமாக இறங்க ஆரம்பித்தார்கள். அங்கே பனி சரியுமாம். சரியும் என்று தெரிந்தே போவார்களாம். அதற்கு மெஷின், அதற்கு மடக்குக் கம்பு, அதற்கு மண்வெட்டி, அதற்குப் பயிற்சி. சரியாத இடத்துக்குப் போனால் இத்தனையும் வேண்டாமே என்று நான் கேட்டேன். எழில் சிரித்தான். "அத்தை, நீங்க கேக்கறது கரெக்ட்தான்" என்றான். அவன் அப்படித்தான். என்ன சொன்னாலும் கரெக்ட்தான் அத்தை. மறுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, பக்கத்து மனையில் வீடு கட்ட எம்-சாண்ட் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு லாரி லோடு, மலை மாதிரி. அதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் கண்ணில் வெளிச்சம். தன் மெஷினை என் புளி டப்பாவில் போட்டு மூடி, அவள் பார்க்காதபோது மணலுக்குள் புதைத்துவிட்டான் எழில். இவள் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். அந்த மெஷின் இருக்கிறதே, கழுத்திலும் இடுப்பிலும் வார் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொள்வது. சும்மா இருக்கும்போது அது பாட்டுக்குச் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் மெஷினைத் தேடுகிற பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அம்புக்குறி வரும், எத்தனை மீட்டர் என்று எண் வரும். எண் குறையக் குறைய ஆள் பக்கத்தில் என்று அர்த்தம். அப்புறம் கம்பால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ படிக்கத்தான் போகிறாய்.

தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ராஜம்மா, "என்னங்க, நகை கிகை தொலைஞ்சு போச்சா?" என்று கேட்கிறாள். நான் சாம்பவிக்குப் பக்கத்திலேயே நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். எழில் வந்தான். "அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. போனைக் கொஞ்சம் போர்ட்டிகோவுல வெச்சுட்டு வந்துடுங்க, மெஷின் குழம்புது" என்றான். வீடியோ எடுத்தால் அவனுக்குக் கூச்சம், அதை நேராகச் சொல்லத் தெரியாமல் மெஷின் மேல் பழி போடுகிறான் என்று புரிந்துகொண்டேன். பண்பான பையன். கொண்டுபோய் வைத்தேன். அவளும் கண்டுபிடித்துவிட்டாள். புளி டப்பாவுக்குள் மணல் போய்விட்டது, அது தனிக் கதை.

நான் அவர்களைப் போகாதே என்று சொல்லவில்லை. இதை நீ அவளிடம் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். நான் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் யூஃப்ரேசியா என்று ஒருவர், அட்டெண்டன்ஸில் பெயரைக் கூப்பிட்டால் அந்த நிமிஷமே எழுந்து நின்று "ப்ரெசன்ட் சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட வைத்தால் வெளியே முட்டி போட வேண்டியதுதான். எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. இவர் ஆபீஸில் இருந்த காலத்திலும் சரி, எடுக்கும் வரைக்கும் அடிப்பேன். எடுத்துவிட்டால் ஏன் அடிக்கப் போகிறேன்?

அதற்காக நான் எவ்வளவு செய்தேன் தெரியுமா? வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. அது அவளுக்கே தெரியாது, நான்தான் விசாரித்து அவளுக்கு போஸ்ட்பெய்டாக மாற்றிக் கொடுத்தேன். குளிரில் போன் சார்ஜ் இறங்கிவிடும், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளே ஒரு தடவை சொன்னாள். உடனே அவள் கோட்டை வாங்கி, உள்பக்கம், இதோ இந்த இடத்தில், நெஞ்சுக்கு நேராக வெல்வெட் துணியில் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். கையால் தைத்தது, முழுக்கப் பின்தையல். நீடில்வொர்க்கில் எனக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. விழுந்து புரண்டாலும் போன் வெளியே வரக் கூடாது என்று மேலே பட்டன் வேறு வைத்தேன். போட்டுப் பார்த்தபோது "மெஷினும் அங்கதாம்மா வருது"ன்னு இழுத்தாள். "இரண்டுக்கும் இடம் இருக்கு, போட்டுக்கோ"ன்னு சொன்னேன். போட்டுக்கொண்டாள். என் வாய்க்குப் பயந்து இல்லை. அம்மா தைத்ததாயிற்றே என்றுதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால்.

நாள்காட்டித் தாள் கிழிப்பது இந்த வீட்டில் இவர் வேலை. எழுந்ததும் கிழித்து, படித்து, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அன்றைக்கென்று பார்த்து யாரோ ரிடையர் ஆனவர்கள் மீட்டிங் என்று கிழிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, சொல்லிவிடுகிறேன். ஆனால் தொங்குகிறது, அச்சடித்திருக்கிறார்கள், பார்ப்பதில் என்ன நஷ்டம்? சமையலை முடித்துவிட்டு நான் போய்க் கிழித்தேன். சந்திராஷ்டமம்: பூராடம் என்று போட்டிருந்தது.

எழிலுக்குப் பூராடம்.

கை துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவனுக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. நாட் ரீச்சபிள் என்று வந்தது. அவளுக்கு அடித்தேன். ரிங் போனது. ரிங் போனால் எடுக்க வேண்டியதுதானே? எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். "இன்னிக்கு மேல போகாதீங்க, ரூம்லயே இருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்த நேரத்தில்தான் அது நடந்துவிட்டிருக்கிறது. முதலில் வழிகாட்டி இறங்கிக் கீழே ஒரு பாறைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டுமாம், அது பயிற்சியில் சொல்லித் தந்தது. அடுத்து எழில். இவள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி வழியில் அவனுக்கு மேலே பனி கோடு போட்ட மாதிரி வெடித்து, மொத்தமாக இறங்கி, அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை என்றாள். இவள் மெஷினைத் தேடும் பக்கம் மாற்றிக்கொண்டு இறங்கி ஓடினாள். இதெல்லாம் அவள் சொன்னதுதான், எனக்கு இல்லை, அவன் அம்மாவுக்குச் சொன்னாள். நான் சமையலறையில் இருந்து கேட்டேன்.

மெஷின் ஒரு பக்கம் அம்பு காட்டியதாம். அங்கே ஓடினாளாம். பதினெட்டு என்று வந்ததாம், பன்னிரண்டு என்று வந்ததாம், திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போனதாம். வேறு பக்கம் காட்டியதாம். அங்கே ஓடினாளாம். ஒன்றும் இல்லாத இடத்தில் கம்பைப் போட்டுக் குத்திக் குத்திப் பார்த்தாளாம். நெஞ்சில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். கீழேயிருந்து அந்த வழிகாட்டி பனியில் ஏற முடியாமல் ஏறிக்கொண்டே கத்தினாராம், "போன்! போன்! போனைத் தூக்கிப் போடுங்க!" என்று. கையுறையோடு பட்டனைக் கழற்ற வரவில்லையாம். கையுறையைப் பல்லால் இழுத்து எடுத்துவிட்டு, பாக்கெட்டைப் பிய்த்து, போனைத் தூக்கி எறிந்தாளாம். அதற்கப்புறம்தான் எண் ஒழுங்காக வந்ததாம். ஒன்பது, ஏழு, மூன்று என்று நேராகக் கொண்டுபோய் அவன் மேலேயே நிறுத்தியதாம்.

தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை, முகத்தைச் சுற்றி அதுவரைக்கும் உள்ளே விட்ட மூச்சு ஐஸாக உறைந்திருந்ததாம்.

அந்தக் கோட்டில் இருந்த பாக்கெட் அவ்வளவும் பாழ். துணியோடு கிழித்திருக்கிறாள். நான் கேட்கிறேன், தூக்கி எறிகிறவள் அதற்கு முன்னால் எடுத்து ஒரு ஹலோ சொல்லியிருக்கலாமே? எடுத்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். நான் அதற்கப்புறமும் அடித்தேன். ரிங் போய்க்கொண்டேதான் இருந்தது. இப்போது நினைத்தால்தான் என்னவோ போல இருக்கிறது. பனியில் தனியாகக் கிடந்து அது அடித்திருக்கிறது, நான் இங்கே அடுப்பை அணைக்கக்கூட மறந்து காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சில நாள் மத்தியானம் படுத்தால் அந்த ரிங் கேட்கிறது. நான் அடிக்கிற பக்கத்து ரிங் இல்லை. அங்கே அடிக்கிற ரிங்.

எனக்கு ஒரு கோபம்தான். இவர் அன்றைக்குக் காலையில் கிழித்திருந்தால் நான் முன்னாலேயே பார்த்திருப்பேன். அவர்கள் ரூமில் இருந்திருப்பார்கள். அதை ஒருத்தரும் பேசுவதில்லை. என் போனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

இரு, கொண்டுவருகிறேன்.

இந்தா. இதுதான் அவள் பை. போகும்போது அந்த அறையில் போட்டுவிட்டுப் போனாள். இது மண்வெட்டி. நடுவில் ரோஜாத் தொட்டிக்கு மண் மாற்ற எடுத்தேன், நன்றாகக் கழுவித்தான் வைத்திருக்கிறேன், போய்ச் சொல்லிவிடாதே. இது கம்பு. இந்தப் பிடியை இழுத்தால் பனியில் புதையாமல் மிதக்க முதுகில் பலூன் விரியுமாம், தொட்டுவிடாதே, இங்கே விரிந்தால் ஷோகேஸ் போய்விடும். இது கோட்டு. பாக்கெட்டை மறுபடி தைத்துவிட்டேன். முன்னைவிடக் கெட்டியாக இருக்கும், இழுத்துப் பாரேன்.

மெஷினா? அது பையில் இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பூஜையறையில் வைத்திருக்கிறேன். பேட்டரி எல்லாம் நான்தான் மாற்றுகிறேன். தினமும் மத்தியானம், இவர் தூங்கியதும் எடுத்து, தேடுகிற பக்கத்துக்கு மாற்றுவேன். சிரிக்காதே. இந்த வீட்டில் வேறு மெஷின் கிடையாது. அவனுடையதை அவன் அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது சேலத்தில் இருக்கிறது. அப்படியும் இதில் அம்பு வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன். பூஜையறையில் ஒன்றும் இருக்காது. ஹாலுக்கு வந்தால் லேசாக ஒரு சத்தம். இருபது, பதினைந்து என்று தாறுமாறாக வரும், போகும். அம்பு காட்டுகிற பக்கம் மெதுவாக நடப்பேன். கொண்டுபோய் அந்தப் படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் நிறுத்திவிடும். என் போனைச் சார்ஜ் போடுவேனே, அந்த மேஜை பக்கத்தில். கடைசித் தடவை வந்தபோது எழில் அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படித்தான். அந்த நாற்காலிதான். நான் என்ன கற்பனையா பண்ணுகிறேன்? எண் வருகிறது, கண்ணால் பார்க்கிறேன். இத்தனைக்கும் நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை.

என்ன சொல்ல வருகிறாய்? இரு, நான் முடித்துவிடுகிறேன். குறுக்கே பேசுவது எனக்குப் பிடிக்காது.

அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. சும்மா நிற்பேன். "சாப்பிட்டியா எழில்"ன்னு ஒரு தடவை கேட்டுவிட்டேன், அதற்கப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவரிடம் காட்டலாம் என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சார்ஜரைப் பிடுங்கி, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். போனதும் அம்பும் போய்விட்டது. பார்த்தாயா, இந்த மனுஷனைக் கண்டால் செத்தவர்கள்கூட நிற்பதில்லை.

இந்தா, எடுத்து வந்துவிட்டேன். பார், நான் ஒன்றும் செய்யவில்லை, பட்டனை மட்டும் திருப்புகிறேன். ஐயோ, கேட்டாயா சத்தம்? படுக்கையறைப் பக்கம் காட்டவில்லையே இன்றைக்கு. எட்டு. ஐந்து. உன் பக்கம் திரும்புகிறது சுபிக்ஷா! அசையாதே. மூன்று. ஏன் எழுந்து பின்னால் போகிறாய்? சட்டைப் பாக்கெட்டை எதற்குப் பொத்திக்கொள்கிறாய்? பயப்படாதே கண்ணு, அவன் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். நீ அவளிடம் போகிறாய் என்று தெரிந்துவிட்டது போல.

சரி. இதையும் எடுத்துக்கொண்டு போ. நிஜமாகத்தான். கொடுக்க மாட்டேன் என்றுதான் இருந்தேன், நீ கிளம்பும்போது காணவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு செட் குறைகிறது என்கிறாள், யார் பிள்ளைக்கோ வேண்டியிருக்கும். எடுத்துக்கொள். எனக்கு இது இல்லாமல் மத்தியானம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு நீ ஒன்று மட்டும் செய். அவள் வகுப்பெடுக்க நிற்கும்போது எனக்கு ஒரு கால் போட்டுவிட்டு, போனை உள்ளே வைத்துக்கொள். நீ பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன், மூச்சுச் சத்தம்கூட வராது. அவள் அணைக்கச் சொல்வாள். எல்லாரிடமும் சொல்கிறதுதான், அணைத்த மாதிரி காட்டிவிடு. மலை மேலே போகும்போதும் அப்படியே இருக்கட்டும். அவள் குரல் எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். திட்டுகிற குரலாக இருந்தாலும் பரவாயில்லை.

வைப்பாய் இல்லையா?

சுபிக்ஷா. உன்னைத்தான் கேட்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லேன்.